இதற்கு எல்லை

கொழும்பிலிருந்து வந்தவருக்குப் படம் வேணும்,
படத்துக்கு ஓர் உறுதி வேணும்.
முப்பத்தொரு வருஷ நொத்தாரிசு நான்,
காணி தவிர வேறொன்றும் எழுதியதில்லை.
கதிரையில் சாத்திவைத்துப் பார்த்தேன்.
ஆளில்லை, மரமில்லை, வள்ளமில்லை.
நிறம் இருந்தது, அதுவும் தன்பாட்டில்.

பழகின கை தொடங்கிவிட்டது:
யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் இருந்த
பெயரில்லாப் பலகை ஒன்று. பரப்பில்லை, குழியில்லை,
அங்குலம் முப்பத்தாறுக்கு இருபத்தாறு.
இதற்கு எல்லை:
கிழக்கு, துருவேறிய சிவப்பு.
தெற்கு, கத்தியால் சுரண்டிய வெள்ளை.
மேற்கு, முன்சொன்ன சிவப்பே, களைத்த பிறகு.
வடக்கு

வடக்கு எது?

திருப்பினேன். கையெழுத்து இல்லை.
மூன்று பக்கம் ஆணித்துளை,
நாலாம் பக்கம் வாள் அறுத்த விளிம்பு.

கீறினவர் கபிரியேல் சவரிமுத்து,
பகலில் நில அளவைக் கந்தோரில் பிளான் கீறினவர்.
(இதுவும் யாருடையதோ வளவாக்கும் என்று
அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். இல்லை.)
அறுபத்து நாலில், ஒரு செற் கட்டுப்பல்லுக்காக
பல்டொக்டர் வயித்திலிங்கத்துக்குக் கொடுத்தார்.
காத்திருந்தவர்கள் வாய் திறந்து பார்த்தார்கள்,
எப்படியும் திறக்கவேண்டிய வாய்தானே.

டொக்டருக்கு இது தேடிய தேட்டம்.
மகள் புவனலோசினிக்குச் சீதனம்:
காணி நாலு பரப்பு, தையல் மெஷின், படம் ஒன்று.
மாப்பிள்ளை தலைகீழாய் மாட்டிவிட்டு
நேராய்த்தான் இருக்கு என்றார்.
யார் மறுப்பது.

எண்பத்தேழு ஐப்பசி. செல் விழுந்து கண்ணாடி போக
யன்னலுக்கு அளவாய் அறுத்து அடித்தார்கள்,
நிறம் உள்ளே பார்க்க.
தொண்ணூற்றைந்தில் எல்லோரும் நடந்தார்கள்.
வீடு முகாம் ஆயிற்று, பலகை மேசை ஆயிற்று.
வெள்ளையின் மேல் தேத்தண்ணிக் கோப்பை வட்டம் ஏழு.
பின்னால் பென்சிலில், சிங்களத்தில், மூன்று பெயர்,
கீழே ஐந்தைந்தாய்க் கோடுகள், சீட்டாட்டக் கணக்கு.
ஒரு பெயரை அடித்திருக்கிறது.
தோற்றதற்கோ, வேறெதற்கோ.
பத்து வருஷம் தடையின்றி ஆண்டால்
ஆண்டவனுக்கே சொந்தம் என்கிறது சட்டம்.
பதினாலு வருஷம் ஆண்டிருக்கிறார்கள்.
இந்த இடத்தில் பேனையை மூடிவைத்து
வெளியே போய் ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

வீடு திரும்பக் கிடைத்ததும்
அற்றோணி வைத்திருந்த பொடியன்
பழைய பலகை ஒரு லொறி என்று விற்றான்.
வாங்கியவர் சோனகதெரு நியாஸ்தீன், பழைய இரும்பு வியாபாரம்,
தொண்ணூறில் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறி
இருபது வருஷம் கழித்து வந்த ஆள்.
பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தார்,
ஒழுக்கு மற்றப் பக்கம் என்பதால்.
"எங்கட வளவுக்கு உறுதி இருக்கு, சுவர் இல்லை.
இதுக்குச் சுவரை நான் குடுத்தன்,
உறுதியை நீங்க எழுதுங்கோ" என்று சிரித்தார்.

கனடாவுக்கு அழைப்பு எடுத்தேன்.
புவனலோசினிக்கு எழுபத்தெட்டு வயது, குரல் தெளிவு.
எந்தப் பக்கம் மேல், அம்மா?
"மஞ்சள் மேல."
இதில் மஞ்சள் இல்லையே.
"ஏன் இல்லை? மேல முழுக்க மஞ்சள்தானே."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.
பிறகு, "விக்கப்போறீங்களோ? எனக்கும் பங்கு வருமோ?"

வாள் விளிம்பை நகத்தால் கிண்டினேன்.
பலகைச் சிலாம்பில், மயிரளவு,
மஞ்சள்.

கொழும்புக்காரர் சொன்னார்,
அப்படியென்றால் விலை குறையும்.
வட்டங்களை மருந்து பூசி எடுத்துவிடலாம்.
நான் எழுதினேன்:
வடக்கு, அறுபட்ட மஞ்சள், இரண்டங்குலம், இருப்பிடம் தெரியாது.
இவ்வெல்லைக்குள் அடங்கிய சகலதும்,
சுரண்டல், ஆணித்துளை, பென்சில் கணக்கு,
தேத்தண்ணி வட்டம் ஏழும் உட்பட.